12 கப்கேக், ஒரு பூங்கொத்து: விழுந்தது ஏன், நின்றது எப்படி

பெட்டியைத் திறந்தபோது 12 கப்கேக்கில் 8 மட்டுமே தம் இடத்தில் இருந்தன. 3 கீழே கிடந்தன. இன்னொன்று குச்சி நுனியில் தலைசாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அடியில் விரித்திருந்த வெள்ளைத் தாளில் இளஞ்சிவப்பு ஐசிங் நீளமாக இழுபட்டிருந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான், கப்கேக்குகளையே பூக்களாக அடுக்கிச் செய்த அதே பூங்கொத்தை என் மேசையில் வைத்து, நான்கு பக்கமும் சுற்றிவந்து பார்த்து, குறை ஏதும் இல்லை என்று சொல்லிப் பெட்டியை மூடியிருந்தேன்.

தோழியின் அம்மா செவிலியர் பணியிலிருந்து ஓய்வு பெற்ற மாலை அது. அவரோடு வேலை பார்த்த 11 பேரும் அவருமாக ஆளுக்கு ஒன்று என்று எண்ணித்தான் 12 கேட்டிருந்தார்கள். அந்த அம்மாள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். “பரவாயில்லை அம்மா, தட்டில் எடுத்து வைத்தால் போகிறது” என்றார். நான் உடனே வைக்கவிடவில்லை. ஒவ்வொரு கேக்குக்குள்ளும் ஒரு பல்குத்தும் குச்சி இருந்தது. 12 குச்சி குத்தியிருந்தேன். 12 குச்சியும் முழுதாக என் கைக்கு வர வேண்டும். 11 வந்தன. பன்னிரண்டாவது பாதிதான் வந்தது. மீதிப் பாதி எங்கே என்று தேடி, விழுந்தவற்றை ஒவ்வொன்றாக உதிர்த்துப் பார்த்தேன். மூன்றாவதின் நடுவில், வெளியே எந்த அடையாளமும் தெரியாமல், ஒரு விரற்கடை நீளத்துக்கு ஊசிபோல அது இருந்தது. எஞ்சிய 8 கேக்கை 12 பேர் பகிர்ந்து உண்டார்கள்.

பூங்கொத்து கலைந்துபோனதைவிட அந்த அரைக் குச்சிதான் அன்று இரவு என்னைத் தூங்கவிடவில்லை. உதிர்ந்தவற்றையும் காகித உறைகளையும் தெர்மோகோலையும் அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். துடைத்து எறிவதற்குமுன் எல்லாவற்றையும் படம் எடுத்துவைத்தேன். கீழே வருவது அந்தப் படங்களும் அடுத்த மூன்று வாரச் சோதனைகளும் எனக்குக் கற்றுத் தந்தவை.

முதல் கட்டுமானம்

பலரும் செய்கிற முறையில்தான் நானும் செய்திருந்தேன். 15 செ.மீ. விட்டமுள்ள தெர்மோகோல் அரைக்கோளத்தை ஒரு பூந்தொட்டியின் வாயில் ஒட்டி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுற்றினேன். உச்சியில் 1, அதைச் சுற்றி 5, விளிம்பையொட்டி 6 என்று கப்கேக்குகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குச்சி: பாதி தெர்மோகோலில், பாதி கேக்கில். இடைவெளிகளில் பச்சை டிஷ்யூ பேப்பர். தொட்டியின் அடி 9 செ.மீ. அகலம். உள்ளே கனமாக எதையும் போடவில்லை, கசக்கிய செய்தித்தாள்தான்.

படத்தில் பார்க்க உருண்டையாக, நிறைவாக இருக்கும். அந்த உருண்டை வடிவம் கேக்கிடம் என்ன கேட்கிறது என்பதை மட்டும் நான் எண்ணிப் பார்க்கவில்லை. உச்சியில் இருப்பது நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது. நடு வரிசை ஏறக்குறைய 37 பாகை சாய்ந்திருக்கிறது. விளிம்பு வரிசையின் சாய்வைப் படத்தின்மேல் கோணமானியை வைத்து அளந்தேன். 70 பாகை வந்தது. அதாவது அந்த ஆறும் ஏறத்தாழப் படுத்த நிலையில் இருந்தன. 70 பாகைச் சாய்வில் ஒரு பொருளின் எடையில் 94 விழுக்காடு அதைப் பக்கவாட்டில் கீழே இழுக்கிறது. அடியில் தாங்க எதுவும் கிடையாது. 85 கிராம் எடையை, இரண்டு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத ஒரு குச்சியும் அதைச் சுற்றியுள்ள மென்மையான கேக்கும் சுமந்தாக வேண்டும்.

விழுந்த 3, தொங்கிய 1 ஆகிய நான்குமே விளிம்பு வரிசையைச் சேர்ந்தவை. உச்சியும் நடு வரிசையும் அசையவே இல்லை.

ஒரே இடத்தில் விழுந்தாலும் ஒரே விதமாக விழவில்லை

முதலில் நான் வெயிலைத்தான் குறை சொன்னேன். காருக்குள் வெக்கையாக இருந்தது. பட்டர்க்ரீம் இளகி எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று தோழியிடமும் சொன்னேன். படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அந்த விளக்கம் ஒரே ஒரு கேக்குக்குத்தான் பொருந்தியது.

முதல் கேக் விழுந்த இடத்தில் அதன் காகித உறை மட்டும் குச்சியில் குத்தி நின்றது. உள்ளே கேக் இல்லை. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போனதுபோல உறையை விட்டுக் கேக் தனியாக நழுவியிருந்தது. உறையின் உட்புறம் துடைத்தாற்போல் சுத்தமாக இருந்தது, ஒரு துணுக்குகூட ஒட்டவில்லை. ஐசிங் இளகியதற்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. இது ஓவனிலிருந்து எடுத்த பிறகு நான் செய்த தவறு. அவசரத்தில் கேக்குகளை அச்சுத் தட்டிலேயே ஆறவிட்டிருந்தேன். வெளியேற வழியில்லாத ஆவி உறைக்கும் கேக்குக்கும் நடுவில் நீராகப் படிகிறது. காகிதம் ஈரமாகிப் பிரிகிறது. போதாக்குறைக்கு, முழுதாக ஆறுமுன் மூடிபோட்ட டப்பாவில் வேறு அடுக்கிவைத்தேன்.

இரண்டாவதில் உறை ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் குச்சி குத்திய துளை வட்டமாக இல்லை. மேல்நோக்கி இழுபட்டு, ஒரு சட்டைப் பொத்தான் துளைபோல நீண்ட பிளவாகியிருந்தது. வண்டியின் ஒவ்வொரு குலுக்கலிலும் குச்சி கேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்திருக்கிறது. தொங்கிக்கொண்டிருந்ததும் இதே வழியில் பாதி தூரம் வந்திருந்தது. குச்சி முறிந்து உள்ளே தங்கியது மூன்றாவதில். விழும்போது அது திருகியிருக்க வேண்டும்.

அந்த மூன்றாவதில்தான் ஐசிங் ரோஜா முழுதாக, வட்டமாக, கேக்கை விட்டு வழுக்கியிருந்தது. வெண்ணெய் 32 முதல் 35 பாகை செல்சியஸில் உருகும். அதற்கு வெகு முன்பே, 25 பாகையைத் தாண்டியதுமே, தன் விறைப்பை இழக்கத் தொடங்கிவிடும். நிமிர்ந்து நிற்கும் கப்கேக்கில் இளகிய ஐசிங் சற்று அமுங்கும், அவ்வளவுதான். படுத்திருக்கும் கப்கேக்கில் அது சரிவில் நிற்கும் சேறு.

ஆக, உறை பிரிந்தது, கேக் அறுந்தது, ஐசிங் வழுக்கியது என்று மூன்று வெவ்வேறு குறைகள். வெயிலை மட்டும் குறை சொல்லி, அடுத்த முறை பனிக்கட்டிப் பையோடு கிளம்பியிருந்தால் மற்ற இரண்டும் எனக்காகக் காத்திருந்திருக்கும்.

சமையலறையில் மறுபடி விழவைத்தல்

அதே அரைக்கோளத்தைக் கழுவி எடுத்து, அதே செய்முறையில் கேக் சுட்டு, விளிம்பு நிலையில் மட்டும் குத்திப் பார்த்தேன். ஐசிங் இல்லாத கேக், ஒரே குச்சியில், மேசைமேல் அசையாமல் நின்றது. 35 கிராம் ஐசிங் ஏறியதும் மெல்லத் தலை தாழ்த்தியது. தட்டைக் கையால் தொடர்ந்து தட்டிக்கொண்டிருந்தேன், வண்டியின் அதிர்வுக்குப் பதிலாக. விழுந்தது. இரண்டு குச்சி குத்தினால் கேக் சுழல்வது நின்றது. ஆனால் அறுபடுவது நிற்கவில்லை, தாமதமாயிற்று. ஃபிரிட்ஜிலிருந்து நேராக எடுத்துக் குத்தியவை நெடுநேரம் தாங்கின. குளிர்ந்த வெண்ணெய் ஐசிங்கை இறுக்கி வைத்திருக்கிறது. அறையின் வெப்பத்துக்கு வந்ததும் அவையும் தலை தாழ்த்தின.

இந்தச் சோதனைதான் எனக்கு ஒரு முக்கியமான ஐயத்தைத் தீர்த்தது. குளிர்ச்சி, இரட்டைக் குச்சி, குறைந்த ஐசிங் எல்லாமே விழும் நேரத்தைத் தள்ளிப்போடுகின்றன. விழாமல் இருக்க வேண்டுமென்றால் கேக் எதன்மேலாவது உட்கார்ந்திருக்க வேண்டும். குத்தி நிறுத்திய கேக் எப்போதும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது, நம் கண்ணுக்கு அது நிற்பதுபோலத் தெரிந்தாலும்.

இடையில் பூக்கடைகளில் பயன்படும் பச்சை நுரைக் கட்டியை முயன்று பாருங்கள், குச்சியை நன்றாகப் பிடிக்கும் என்று ஒருவர் சொன்னார். அதை நான் தொடவில்லை. அது பீனால், ஃபார்மால்டிஹைடு ஆகியவற்றிலிருந்து செய்யப்படும் நுரை. விரல் பட்டாலே நுண்ணிய தூளாக உதிரும். பூத்தண்டுக்கு ஏற்றது, வாயில் போடும் பொருளின் பக்கத்தில் வைக்கத் தக்கதல்ல.

மீண்டும் கிண்ணத்துக்கு

கப்கேக் என்ற பெயருக்குள்ளேயே கிண்ணம் இருக்கிறது. 1796-இல் அமெரிக்காவில் அச்சான ஒரு சமையல் குறிப்பு, இலேசான கேக்கைச் சிறு கோப்பைகளில் ஊற்றிச் சுடச் சொல்கிறது. அச்சுத் தட்டும் காகித உறையும் பின்னால் வந்தவை. அந்தப் பழைய கோப்பையை நினைத்துக்கொண்டிருந்தபோதுதான், கேக்கைத் திரும்பவும் ஒரு கோப்பைக்குள் உட்கார வைத்தால் என்ன என்று தோன்றியது.

வாய் 7 செ.மீ., அடி 5 செ.மீ., உயரம் 7.5 செ.மீ. உள்ள காகிதக் கப்புகளை எடுத்தேன். வழக்கமான அச்சில் சுட்ட கப்கேக்கின் மேல்விட்டமும் 7 செ.மீ.க்கு ஒட்டியே இருப்பதால், அதன் விளிம்பு கப்பின் வாயில் தட்டி நிற்கிறது. உள்ளே அமிழ்ந்து போவதில்லை. இந்த அளவுப் பொருத்தம்தான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். கப்பின் வாய் அரை செ.மீ. பெரிதாக இருந்தாலும் கேக் உள்ளே விழுந்து, பூ கிணற்றுக்குள் தெரிவதுபோல் ஆகிவிடும். கட்டு வாங்குவதற்குமுன் ஒரு கப்பையும் ஒரு கேக்கையும் சேர்த்து வைத்துப் பார்த்துவிடுங்கள். கேக்கின் அடி கப்புக்குள் அந்தரத்தில் நிற்கும். அந்த இடத்தில் கசக்கிய டிஷ்யூ பேப்பரை அது தொடும் உயரம்வரை திணித்தால் ஆட்டம் நின்றுவிடும்.

எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்த கண்டுபிடிப்பு சாய்வைப் பற்றியது. கப் கீழே குறுகியும் மேலே விரிந்தும் இருக்கிறது. இரண்டு கப்புகளின் பக்கச் சுவர்களை மேலிருந்து கீழ்வரை ஒட்டினால், அடிகள் நெருங்கி வாய்கள் தாமாகவே விலகிச் சாய்கின்றன. நான் எடுத்த அளவுக்கு அந்த விலகல் 15 பாகை. ஒன்றைச் சுற்றி ஆறு ஒட்டினால், நடுவில் இருப்பது நிமிர்ந்து நிற்கும்; சுற்றியுள்ள ஆறும் 15 பாகை வெளிநோக்கிச் சாயும். உருண்டை வேண்டாம், குச்சி வேண்டாம். பூங்கொத்தின் குவிவு கப்பின் வடிவத்திலேயே இருக்கிறது. ஒரு வட்டத்தைச் சுற்றி அதே அளவு வட்டங்கள் மிகச் சரியாக ஆறு அமரும் என்பது தேன்கூட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதனால் 7 என்பது மிக உறுதியான எண்ணிக்கை. முதன்முறை செய்கிறவர்கள் 7-இல் தொடங்கினால் நல்லது.

எனக்கோ 12 வேண்டும். நடுவில் 1 வைத்துத் தொடங்கினால் 7-க்கு அடுத்த முழு வட்டம் 19-இல்தான் முடிகிறது. அதற்கு வேறு வழி இருக்கிறது. நடுவில் 3 கப்புகளை ஒன்றையொன்று தொடும்படி முக்கோணமாக ஒட்டி, அவற்றைச் சுற்றி 9 வைத்தால் இடைவெளி இல்லாமல் 12 அமைகிறது. நடு மூன்றும் ஏறக்குறைய 9 பாகை சாய்கின்றன. வெளி ஒன்பதில் மூன்று 17 பாகையும் ஆறு 23 பாகையும் சாய்கின்றன. முன்பு 70 பாகை இருந்த இடத்தில் இப்போது மிகுதியான சாய்வே 23. அங்கே பக்கவாட்டில் இழுப்பது எடையில் 39 விழுக்காடு. அந்த இழுப்பும் கப்பின் சுவர்மேல் சாய்கிறது, கேக்கை அறுப்பதில்லை.

கப்புகளை எதனால் இணைப்பது என்பதில் முதலில் தவறினேன். ஸ்டேப்ளர் எளிது, வேகமானது, உறுதியானது. ஆனால் ஒரு பின் கழன்று கேக்கின் அடியில் கிடந்ததைப் பார்த்த உடனே அதை விட்டேன். அரைக் குச்சியிலிருந்து தப்பி அரைப் பின்னில் மாட்டிக்கொள்வதில் பொருளில்லை. பசைத் துப்பாக்கியில் உருகிய பசையை, இரண்டு கப் தொடும் கோட்டில் மேலே ஒரு பொட்டு, கீழே ஒரு பொட்டு வைத்தேன். காகிதக் கப்பின் வெளிப்புறத்தில் அது நன்றாகப் பிடிக்கிறது. கேக் வைப்பதற்கு முந்தைய நாளே இதை முடித்துவிட வேண்டும். பசை நூல்கள் சிலந்தி வலைபோல எங்கும் பறக்கும், அவற்றைப் பொறுக்கி எடுக்க வெளிச்சமும் பொறுமையும் தேவை. எல்லாம் ஒட்டிய பிறகு, முழுக் கட்டையும் வெளியே சுற்றி அகலமான டேப்பால் இரண்டு சுற்று இறுக்கினேன். உண்மையில் இந்த டேப் வளையம்தான் பெரும்பகுதி வேலையைச் செய்கிறது. பசை இல்லாமல் டேப் மட்டும் சுற்றியும் ஒருமுறை சோதித்தேன். தூக்கும்போது நடுக் கப்புகள் மேலும் கீழும் நழுவினவே தவிர, கட்டு விரியவில்லை. டேப் இல்லாமல் பசை மட்டும் என்றபோது வெளிக் கப் ஒன்று தட்டென்று பிரிந்தது.

கட்டின் அடிப்பகுதி தட்டையாக இராது. வெளிக் கப்புகள் சாய்ந்திருப்பதால் அவற்றின் அடி, நடுக் கப்புகளின் அடியைவிட ஒரு செ.மீ.க்குச் சற்று அதிகமாகத் தாழ்ந்திருக்கும். மேசையில் வைத்தால் நடுமூன்றும் அந்தரத்தில் நிற்கும். இதைக் கவனிக்காமல் விட்டால் பசையின்மேல் பளு ஏறும். தடித்த அட்டையை வட்டமாக வெட்டி, சில அடுக்குகள் நடுவில் கொடுத்துச் சமன் செய்தேன்.

பிறகு தொட்டி. பழைய தொட்டியின் அடி 9 செ.மீ. முழுப் பூங்கொத்தின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து சுமார் 17 செ.மீ. உயரத்தில் இருந்தது. அப்படிப்பட்ட ஒன்று 15 பாகை சாய்ந்தாலே கவிழும். கார் வேகம் நொடிக்கு நொடி 3 மீட்டர் வீதம் குறையும்படி பிரேக் போட்டால், உள்ளே இருக்கும் பொருளுக்கு அது 17 பாகை சாய்ந்ததற்குச் சமம். அன்று தொட்டியைச் சுற்றிச் செய்தித்தாள் திணித்திருந்ததால்தான் அது கவிழாமல் தப்பியது. இப்போது எடுத்தது பூந்தொட்டி அன்று, அகன்ற சட்டி: வாய் 22 செ.மீ., அடி 18 செ.மீ., உயரம் 9 செ.மீ. அடியில் கழுவிக் காயவைத்த கூழாங்கற்கள் 800 கிராம், துணிப் பையில் கட்டி. ஈர்ப்பு மையம் 7 செ.மீ. அளவுக்கு இறங்கிவிட்டது. கணக்குப்படி இது 50 பாகை தாண்டினால்தான் கவிழும்.

கேக், உறை, ஐசிங்

கட்டுமானம் மாறினாலும் கேக்கை அப்படியே விட மனமில்லை. முன்பு செய்தது எண்ணெயும் மோரும் சேர்த்த, வாயில் வைத்தால் கரையும் கேக். சாப்பிட அருமையானது, ஆனால் கையால் தூக்கும்போதே உதிரும். பூங்கொத்துக்கு வெண்ணெயைக் குழைத்துச் செய்யும் பழைய சமபங்குக் கேக்குக்கு மாறினேன். வெண்ணெய், சர்க்கரை, முட்டை, மைதா ஒவ்வொன்றும் 150 கிராம். ஓடு நீக்கிய முட்டை மூன்று ஏறக்குறைய அந்த எடைக்கு வரும். பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, பால் இரண்டு மேசைக்கரண்டி. ஒரு குழிக்கு 50 கிராம் மாவுக் கலவையைத் தராசில் நிறுத்து ஊற்றினேன். கண்ணளவில் ஊற்றினால் ஒன்று காளானாக விரியும், ஒன்று குழியிலேயே நிற்கும்; கப்பின் வாயில் இரண்டுமே உட்காராது. 170 பாகையில் 18 முதல் 20 நிமிடம்.

ஓவனிலிருந்து வந்த 5 நிமிடத்துக்குள் அச்சிலிருந்து எடுத்துக் கம்பி வலைமேல் வைத்துவிடுகிறேன். முழுதாக ஆற ஒரு மணி நேரமாவது ஆகும். இந்த ஒரு பழக்கம் மாறியதிலிருந்து உறை பிரிந்த கேக்கை நான் பார்க்கவில்லை.

ஐசிங் பற்றி நிறையச் சொல்ல ஆசைதான், சுருக்கிக்கொள்கிறேன். வெண்ணெய் 150 கிராம், ஐசிங் சுகர் 300 கிராம். முன்பு ஒரு பூவுக்கு 35 கிராம் ஏற்றினேன், இப்போது 25. ஆறிய கேக்கின்மேல் முதலில் கத்தியால் மெல்லிய பூச்சு ஒன்று இழுத்து, 15 நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்து இறுகவிடுகிறேன். ரோஜா அந்தப் பூச்சில் ஒட்டுகிறது. வெறும் கேக்கின் துணுக்குகளில் ஐசிங் ஒட்டாது, துணுக்கோடு சேர்ந்து கழன்றுவரும். நட்சத்திர முனையை நடுவில் வைத்து வெளிநோக்கிச் சுழற்றினால் ரோஜா. வெளியிலிருந்து உள்நோக்கிச் சுழற்றினால் கோபுரம். கோபுரம் அழகுதான், ஆனால் உயரம் கூடக்கூடச் சாய்வில் அதன் தலை இழுக்கும். பூங்கொத்துக்கு ரோஜாவே ஏற்றது.

வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பைச் சேர்த்தால் வெயில் தாங்கும் என்பது உண்மை. உடல் வெப்பமான 37 பாகைக்கும் மேலேதான் அது முழுதாக உருகும். அதே காரணத்தால் வாயிலும் உருகாது. நாக்கில் மெழுகுபோலப் படியும். விழாமல் நிற்பதற்காகச் சுவையை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை. சட்டி, கப், சாய்வு எல்லாம் சரியாக இருக்கும்போது வெண்ணெயே தாக்குப்பிடிக்கிறது.

இன்னொன்று: சிவப்பும் அடர்ந்த ஊதாவும் கலந்து வைத்த சில மணி நேரத்தில் மேலும் அடர்ந்துவிடும். வேண்டிய நிறத்துக்கு ஒரு படி முன்பே நிறுத்த வேண்டும்.

அதே சாலை

முதலில் மேசைச் சோதனை. 12 கேக்கும் ஏறிய சட்டியை ஒரு பலகையில் வைத்து, பலகையின் ஒரு ஓரத்தைப் புத்தகங்கள் அடுக்கி 20 பாகைக்கு உயர்த்தினேன். அசையவில்லை. பலகையைத் தட்டினேன், உலுக்கினேன். மேல் பக்கக் கப்புகளில் இருந்தவை கொஞ்சம் ஆடின. கசக்கிய தாளை இன்னும் இறுக்கமாகத் திணித்ததும் நின்றன.

பிறகு தோழியை அழைத்துக்கொண்டு அதே காரில் அதே 40 நிமிடப் பாதையில் போனோம். அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்த பிறகு, உயரமான பெட்டிக்குள் இறக்கி மூடியிருந்தேன். குளிர்ந்த ஐசிங் வெளிக்காற்றைத் தொட்டதும் அதன்மேல் வியர்வை பூத்துவிடும், நிறம் கசியும். பெட்டி மூடியிருந்தால் உள்ளே இருக்கும் கொஞ்சக் காற்றில் உள்ள ஈரத்தோடு அது முடிந்துபோகிறது. போய்ச் சேர்ந்த பிறகும் அரை மணி நேரம் திறக்காமல் விட்டுவிட வேண்டும். சட்டியை இருக்கையில் வைக்கவில்லை. இருக்கை பின்னால் சரிந்திருக்கும். கால் வைக்கும் இடம்தான் தட்டை.

திறந்தபோது 12-உம் இருந்தன. தோழி கைதட்டினாள். எனக்கு உடனே கண்ணில் பட்டது வேறு. வெளி வரிசையில் அடுத்தடுத்து இருந்த இரண்டு ரோஜாக்களின் இதழ்கள் உரசி, மஞ்சளில் சிவப்பு ஏறியிருந்தது. கப்புகள் வாயோடு வாய் ஒட்டியிருக்கும்போது கேக்குகளுக்கு நடுவே இடமே இல்லை என்பதை நான் மறந்திருந்தேன். ஐசிங்கைக் கேக்கின் விளிம்புவரை கொண்டுபோகக் கூடாது. சுற்றிலும் 5 மில்லிமீட்டர் விட்டுவிட வேண்டும். வெறுமையாகத் தெரியுமே என்று அஞ்ச வேண்டாம். மூன்று கப்புகள் சேரும் மூலைகளில் பச்சை டிஷ்யூ பேப்பரைச் சதுரமாக வெட்டி, நடுவில் கிள்ளிச் செருகினால் அந்த வெறுமை இலைகளுக்கு நடுவே மறைந்துவிடும். டிஷ்யூ பேப்பர் ஐசிங்கைத் தொட்டால் நெய் உறிஞ்சிக் கறைபடும். எனவே இலைகள் கேக்கின் விளிம்பை விடத் தாழ்வாகவே நிற்கட்டும்.

கையில் ஏந்தும் பூங்கொத்தாக, அடியில் தண்டுபோலக் கூம்பிச் சுற்றித் தர முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். 7 என்றால் செய்கிறேன்: கப்புக் கட்டின் அடியில் அட்டை வட்டம் ஒட்டி, மேலே தாள் சுற்றி, வாங்குகிறவர் உள்ளங்கையால் அடியைத் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லித் தருகிறேன். 12-ஐ அப்படித் தருவதில்லை. ஒரு கிலோவுக்கு அருகில் வரும் எடையை ஒரு கையால் கூம்பின் நுனியில் பிடிப்பது கேக்குக்கும் ஆபத்து, கைக்கும் வலி.

எடுக்கும்போது

பூங்கொத்து கடைசிவரை முழுதாக நிற்பதற்காகச் செய்யப்படுவதில்லை. யாராவது முதல் கேக்கை எடுக்கத்தான் போகிறார்கள். குச்சி குத்திய முதல் கட்டுமானத்தில் ஒன்றை இழுத்தால் பக்கத்தில் இருப்பவையும் அதிர்ந்தன. போதாததற்கு, குச்சி கேக்கோடு வந்ததா தெர்மோகோலில் நின்றதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டியிருந்தது.

மூன்று வாரம் கழித்து அந்த அம்மாளின் வீட்டுக்கு இரண்டாவது பூங்கொத்தைக் கொண்டுபோனோம். பழைய 11 பேரில் வர முடிந்தவர்கள் வந்திருந்தார்கள். சட்டியைச் சுற்றி உட்காராமல் எல்லாரும் ஒரே சோபாவில், ஒரே பக்கமாக உட்கார்ந்தார்கள். எனக்கு உள்ளுக்குள் பதைப்பு. அந்தப் பக்கத்திலிருந்தே ஒன்று, இரண்டு, மூன்று என்று போய்க்கொண்டிருந்தன. ஆறாவது எடுத்தபோது எஞ்சிய ஆறும் மறுபக்கத்தில் மட்டும் நின்றன. பழைய தொட்டியாக இருந்தால் அந்த ஆறின் எடை 4.5 செ.மீ. ஆரத்துக்கு வெளியே போய் அதைக் கவிழ்த்திருக்கும். சட்டியின் அடி ஆரம் 9 செ.மீ.; எடை அதற்குள்ளேயே இறங்கியது; கல் பை வேறு அடியில் இருந்தது. சட்டி அசையவில்லை.

ஏழாவதை அந்த அம்மாள் எடுத்தார். உறையோடு தூக்கி, அடியைத் திருப்பிப் பார்த்து, “இதில் குச்சி கிச்சி ஒன்றும் இல்லையே அம்மா?” என்று கேட்டார். இல்லை என்றேன். கடித்தார்.